ஒரிஜினலுக்கு முப்பத்தொரு வினாடி

டூப்ளிகேட் என்று பட்டறை முழுக்கக் கூப்பிட்ட பெயிண்டர் பெண், தன்னுடைய ஜப்பான் கிடாரின் மூன்றாவது கம்பியை ஒரு சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு ஒரே ஒரு தரம் மீட்டினாள். அந்தச் சத்தம் பதினான்கு வருடமாக ஓயவில்லை. பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையின் தொழிலாளர் மன்றத்துக்குப் போகிற யாரும் கதவைத் தள்ளியதுமே அதைக் கேட்கலாம். சைக்கிள் நிறுத்துகிற இடத்திலும் கேட்கலாம், காற்று தோதாக அடித்தால் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வரும். காதை அடைக்கிற சத்தமெல்லாம் இல்லை. அடுத்த அறையில் தையல் மிஷின் ஓடுகிற அளவுதான், ஆனால் தையல் மிஷின் போல விட்டு விட்டு ஓடாது.

அவளுக்கு அந்தப் பெயர் கிடாரால் வந்ததல்ல. அவள் அப்பா டிங்கர். தகரத்தைத் தட்டி பஸ்ஸின் முன்முகத்தை வளைப்பதில் அவரைப் போல ஆள் கிடையாது. அவருக்குப் பட்டறையின் இந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம், அந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம். முதல் குடும்பத்தில் ஒரு மகன், இரண்டாவதில் ஒரு மகள். பட்டறைக்காரர்களுக்கு உலகத்தில் எந்தச் சாமானும் இரண்டே வகைதான், கம்பெனி ஒரிஜினல் இல்லையென்றால் டூப்ளிகேட். ஆகவே மகனை ஒரிஜினல் என்றும் மகளை டூப்ளிகேட் என்றும் கூப்பிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்ட எண்ணத்தில் சொன்னால் திருப்பிக் கொடுக்கலாம், சாப்பிட்டாயா என்று கேட்பது போலக் கூப்பிடுபவனை என்ன செய்வது?

அப்பா மன்றத்து வாத்தியக் குழுவில் முன்வரிசைக் கிடார்க்காரராக இருந்தார். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து சங்கு ஊதியதும், கையைக் கழுவிக்கொண்டு மேடைக்குப் போவார். இரண்டு பிள்ளைகளுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார், இரண்டு தெருவிலும் ஒரே பாட்டை. அவர் காலமான பிறகு அந்த இடம் ஆறு வருடம் காலியாகக் கிடந்தது. அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதுதான் மகளுக்கு இருந்த ஒரே ஆசை. வேறு பெரிய ஆசைகள் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பெயிண்ட் ஷெட்டில் ஸ்ப்ரே கன் பிடிக்கிறவளுக்கு மூக்குத்துணியை அவிழ்த்ததும் முதலில் வருவது இருமல், ஆசை அப்புறம்தான்.

ஒரிஜினல் இருபத்திரண்டு வயதில் கப்பலுக்குப் போனான். எஞ்சின் அறையில் ஒன்பது வருடம் எண்ணெய் குடித்துவிட்டு அமெரிக்க எலெக்ட்ரிக் கிடார் ஒன்றோடு பட்டறை வேலைக்குத் திரும்பினான். கறுப்புப் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட், நடுவில் செர்ரிப் பழ நிறத்தில் அது படுத்திருந்தது. கழுத்தும் உடம்பும் ஒட்டிப் பிறந்தவை, இடையில் ஒரு ஸ்குரூகூடக் கிடையாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பெட்டியைத் திறக்க மாட்டான். குளிர் நாளில் திறக்கவே மாட்டான், பூச்சு விரிசல் விடுமாம். அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படி ஒரு பெட்டி செஞ்சு குடுத்தா நானும் உள்ளயே படுத்துக்கறேன், எவன் சமைக்கிறது" என்றாள். அவளுக்கு அதன்மேல் பொறாமை கிடையாது. வீட்டில் ஒரு பொருளாவது பத்திரமாக இருக்கிறதே என்ற நிம்மதிதான்.

டூப்ளிகேட்டின் கிடார் வந்த வழி வேறு. அவள் புருஷன் சேசிஸ் ஓட்டுகிறவன். பாடி இல்லாத வெறும் வண்டி, எஞ்சினும் ஆறு சக்கரமும் இரண்டு இரும்புச் சட்டமும் மட்டும். ஒரு பலகையைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, தொழிற்சாலையிலிருந்து பட்டறைக்கு நாலு நாள் ஓட்டி வருவான். துறைமுகத்துப் பழைய சாமான் கடையொன்றில் அதைப் பார்த்து வாங்கி, பெட்ஷீட்டில் சுற்றி, பலகைக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டி எடுத்துவந்தான். வழியில் இரண்டு மழை. அவிழ்த்தபோது மூன்று ஊர்ப் புழுதி அதன்மேல் இருந்தது. அவள் மீட்டிப் பார்த்தாள். சுருதி இறங்கவில்லை.

அண்ணனுடையதும் இதுவும் பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே குழம்பும். அதே வளைவு, அதே செர்ரி நிறம். தலையில் பெயர் எழுதியிருந்த கோணல் எழுத்துக்கூட அதே கோணல்தான், பெயர் மட்டும் வேறு. விலைதான் வித்தியாசம். அதற்குக் கொடுத்ததில் இதுபோல ஒன்பது வாங்கலாம். அவள் பாட்டு வாசிப்பதற்கு முன்னால் பெயிண்ட்டைத்தான் பார்த்தாள். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, கொம்பு போல வளைந்த இடத்தின் உள்மூலையில் நகத்தை வைத்து ஓட்டினாள். பெயிண்டர் ஏமாற்றுவதாக இருந்தால் அங்கேதான் ஏமாற்றுவான்.

"உள்மூலையிலகூட வழியலய்யா. இத அடிச்சவன் கை சாமானியமான கை இல்ல."

"பூச்சு தடிமனா இருக்குன்னு கடைக்காரன் சொன்னான். அது குறையாம்" என்றான் புருஷன்.

"தடிமன்தான். பஸ் பெயிண்ட் மாதிரி. மழையில நனைஞ்சு வந்துச்சே, ஏதாவது ஆச்சா? அண்ணனோடத ஒரு நாள் உன் சேசிஸ்ல கட்டி எடுத்துட்டு வா பாப்போம்."

அதைக் கட்ட முடியாது, வெல்வெட் நனைந்துவிடும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அண்ணன் ஒரு நாள் வந்து பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். தூக்கி எடை பார்த்தான். பின்பக்கத்தில் கழுத்தை உடம்போடு பிடித்திருந்த நாலு ஸ்குரூவை விரலால் தட்டினான். "அச்சு அசலா இருக்கறது வேற, அசலா இருக்கறது வேற" என்றான். "கழுத்த ஸ்குரூ போட்டு மாட்டியிருக்கான் பாரு. சத்தம் எங்கேர்ந்து நிக்கும்? மீட்டின உடனே செத்துரும்." பிறகு மன்றத்துக்குச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் முதல் கூட்டத்திலேயே ஒரு விதி கொண்டுவந்தான். மன்ற மேடையில் ஒரிஜினல் வாத்தியங்களுக்கு மட்டுமே இடம். அப்பாவின் நாற்காலியில் யார் உட்காருவது என்று அந்த விதியில் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை. பட்டறையில் ஒரிஜினல் கிடார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவள் போனாள். முழங்கை வரைக்கும் பஸ்ஸின் மஞ்சள் நிறம் காயாமல் இருந்தது. மன்றத் தலைவருக்கு ரிவெட் என்று பெயர், குள்ளமாக, தலை மழுங்கி, அடித்த இடத்தில் இருப்பவர்.

"எது நல்லதுன்னு வச்சுப் பாத்துட்டு விதி போடுங்க. பாக்காம எப்படிப் போட்டீங்க?" என்றாள்.

"பேர்லயே தெரியுதேம்மா" என்றார் ரிவெட்.

"பேர் போட்டது நீங்கதான. எனக்குந்தான் போட்டீங்க."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிரித்த பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரிஜினலுக்கு மறுக்க வழியில்லை, மறுத்தால் பயந்துவிட்டான் என்பார்கள். சரி, போட்டி வைக்கலாம் என்றான். விதிகளை எழுதும் வேலை பெயிண்ட் ஷெட் குமாஸ்தாவிடம் போனது. அவருக்கு விதி என்றால் ஷெட் வாசலில் தொங்கும் பலகைதான். பூச்சு காய்ந்தது என்று பூசியவர் சொல்லும்வரை பிறர் கை வைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பட்டறையில் அதைவிடப் பெரிய சட்டம் இல்லை. ஒரு தடவை ஒரு மேனேஜர் அவசரப்பட்டுத் தொட்டு, அவருடைய கட்டைவிரல் ரேகை ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் ஏறி எட்டு வருடம் ஊர் ஊராகப் போய்வந்தது. ஆகவே குமாஸ்தா போட்டிக்கும் அதையே எழுதினார்: சத்தம் முடிந்தது என்று மீட்டியவர் சொல்லும்வரை பிறர் கை வைக்கக் கூடாது, அதுவரை முடிவு அறிவிக்கக் கூடாது. வேறெங்காவது என்றால் ஒருவராவது நெற்றியைச் சுருக்கியிருப்பார். இவர்களுக்கு அது தண்ணீர் குடிப்பது போல இயல்பாக இருந்தது. ஒரிஜினலே முதலில் கையெழுத்துப் போட்டான்.

நடுவர்களாகக் குஷன் பிரிவில் சீட் தைக்கும் மூன்று பெண்களைப் போட்டார்கள். மரியாதைக்காக அல்ல. டிங்கர் பிரிவிலும் ரிவெட் பிரிவிலும் சுத்தியல் சத்தத்தில் எல்லோருக்கும் காது போயிருந்தது. பட்டறையில் மிச்சமிருந்த நல்ல காதுகள் குஷன் பிரிவில்தான் இருந்தன. டூப்ளிகேட்டின் அம்மாவும் அங்கேதான் தைத்தாள், அவளை மட்டும் தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

முதல் சோதனை வேஸ்ட் ஓட்டுவது. தகரத்தின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்க, பட்டறையில் ஒரு கை கழிவுப் பஞ்சுநூலை எடுத்து ஓரத்தோடு இழுப்பார்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே அரம் போட வேண்டும். அதையே கிடாரின் கழுத்தில், குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளின் முனையோடு இழுத்தார்கள். ஜப்பான்காரனுடையதில் பட்டுத் துணியில் ஓடுவது போல ஓடி வந்தது. அமெரிக்காக்காரனுடையதில் மூன்று இடத்தில் நூல் மாட்டித் தொங்கியது. ஒரிஜினல் அந்த மூன்று நூலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கையால் செய்த பொருள் அப்படித்தான் இருக்கும் என்றான். இது என்ன காலால் செய்ததா என்று யாரோ கேட்டார்கள்.

இரண்டாவது, தார்ப்பாயைக் கட்டி அதன் பின்னால் வாசிப்பது. ஒரே ஆம்ப்ளிபயர், ஒரே பாட்டு. மூன்று பெண்களும் கண்ணை மூடிக் கேட்டார்கள். முதலில் கேட்டதில் சத்தம் தடிப்பாக, கொஞ்சம் அடைத்த தொண்டையாக, ஆனால் இதமாக இருந்தது. இரண்டாவது பளிச்சென்று ஊசி போல இறங்கியது. இரண்டாவதுதான் ஒரிஜினல் என்று மூவரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். தார்ப்பாயை இறக்கினால் இரண்டாவதாக வாசித்தது டூப்ளிகேட். தார்ப்பாய் சத்தத்தைக் கெடுத்துவிட்டது, இது செல்லாது என்றான் அண்ணன். முதலில் கேட்டதும் நன்றாகத்தான் இருந்தது, அதை அவளும் மனதுக்குள் ஒத்துக்கொண்டாள். அண்ணன் கெட்டிக்காரன், அவன் கையில் அப்பாவின் கை அப்படியே இருந்தது.

மூன்றாவது சோதனையை அவனே தேர்ந்தெடுத்தான். ஒரு தரம் மீட்டினால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது. ஒட்டிப் பிறந்த கழுத்துக்கும் கனத்த மரத்துக்கும் அங்கேதான் பெருமை. அவன் தனக்குப் பிடித்த இடத்தில் விரலை வைத்து மீட்டி, விரலை லேசாக ஆட்டி ஆட்டிச் சத்தத்தைத் தாங்கினான். முப்பத்தொரு வினாடி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். பிறகு அவள் விரல் எங்கேயும் வைக்காமல் மூன்றாவது கம்பியை வெறுமனே மீட்டிவிட்டு, கிடாரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. நேரம் பார்த்த ஆளுக்குக் கை வலித்து வாட்சை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார். அரை மணி நேரத்துக்குப் பிறகு நடுவர்களில் ஒருத்தி, "நான் போயி பாலை இறக்கி வச்சிட்டு வந்துர்றேன்" என்று எழுந்தாள். ஒரிஜினல் விதிப்புத்தகத்தைக் காட்டி அவளை உட்காரவைத்தான். ஆறு மணிக்கு அவனே அவளை அனுப்பிவைத்தான்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்கள் சத்தம் இன்னும் இருப்பதைக் கேட்டுவிட்டு அவரவர் பிரிவுக்குப் போனார்கள். மின்சாரம் போய் வந்தது, சத்தம் போகவில்லை. ஆம்ப்ளிபயரைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினார்கள், அப்போதும் அதே அளவில் இருந்தது. ஒரு நாள் மதியம் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரிஜினல் கம்பியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தான். சத்தம் அவன் கை வழியாக ஏறிப் பல்லுக்குள் போய், இரண்டு நாள் அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் கேட்டது. தலைவர் எதையோ கேட்க, பதில் சொல்ல வாயைத் திறந்தவன் உடனே மூடிக்கொண்டான். எல்லோருக்கும் புரிந்தது. அவள் கை வைத்தால் நிற்குமா என்பது யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவள் வைத்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது மாதம் ஒரு விஷயம் தெரியவந்தது. டிங்கர் பிரிவில் இருபது வருடமாகக் காது கேட்காத ஒருவர், பெண்டாட்டி திட்டுவதுகூடக் கேட்காமல் நிம்மதியாக இருந்தவர், மன்றத்துப் பக்கம் போனபோது நின்றுவிட்டார். என்ன சத்தம் இது என்று கேட்டார். அவருக்கு வேறு எதுவும் கேட்கவில்லை, அது மட்டும் கேட்டது. அடுத்த நாள் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார். அவர்களுக்கும் கேட்டது. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு டிங்கர்கள் எல்லோரும் டிபன் பாக்ஸோடு மன்றத்துக்கு வந்து, மேடையைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சாதம் சிந்தினால் அவர்களே துடைத்தார்கள்.

மன்றத்துக்கு வேறொரு சங்கடம் இருந்தது. விதிப்படி கிடாரை நகர்த்த முடியாது, ஆகவே மேடையில் யார் பாடினாலும் அந்தச் சுரத்தோடு சேர்ந்துதான் பாட வேண்டும். சேராத பாட்டுகளை விட்டார்கள். சேராத தொண்டைகளும் மெல்ல விலகின. சுருதிப்பெட்டி வாங்குகிற வேலை மிச்சம் என்று ரிவெட் சமாதானம் சொன்னார். ஒரிஜினல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஒன்பது மடங்கு விலையுள்ள கிடாரை மூலையில் நிற்கும் ஜப்பான் கிடாரோடு சுருதி சேர்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சேர்த்தான். சேர்க்காமல் வாசிக்க முடியாது. மேடைக்குக் கீழே அவள் கதவுப் பக்கம் நின்று பார்த்தாள், நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டாள். வாரம் ஒரு தடவை துணி கொண்டுவந்து கிடாரைத் துடைப்பாள். மீட்டியவர் என்பதால் அவள் தொடலாம், வாசிக்கத்தான் கூடாது.

மூன்றாவது வருடம் செயற்குழு முழுவதும் பெயிண்ட் ஷெட்டுக்கு வந்தது. அவள் ஒரு பஸ்ஸுக்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள். பூச்சின் நடுவில் கன்னை நிறுத்த முடியாது என்பதால் முக்கால் மணி நேரம் தின்னர் வாடையில் நின்றார்கள். ரிவெட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அழுகிறார் என்று நினைத்துக் குமாஸ்தா தோளில் தட்டிக்கொடுத்தார்.

அவள் மூக்குத்துணியை இறக்கினாள். "என்ன, எல்லாரும் சேந்து வந்திருக்கீங்க?"

"நீ மேடைக்கு வந்து கை வச்சு நிறுத்திட்டு, முடிஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார் ரிவெட். "நீதான் ஜெயிச்சேன்னு அன்னைக்கே எழுதிர்றோம். அப்பா எடம் உனக்கு. உன் அண்ணனும் ஒத்துக்கிட்டான்."

ஒரிஜினல் புதுப் பூச்சில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒத்துக்கிட்டேன்" என்றான்.

ஆறும் மூன்றும் ஒன்பது வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். சொன்னதும் கையில் இருந்த கன் கனத்தது, அவள் அதைக் கீழே வைத்தாள்.

"அது பாட்டுக்கு இருக்குது. நான் ஏன் நிறுத்தணும்?"

"நிறுத்தினாத்தான நீ ஜெயிச்சேன்னு எழுத முடியும்!"

"நான் ஜெயிச்சேன்னு எழுதறதுக்கு நானே அத சாகடிக்கணுமா? நல்லா இருக்குதே உங்க நியாயம்."

"அப்ப ஆயுசுக்கும் கதவுப் பக்கமே நில்லு" என்றான் அண்ணன்.

"நிக்கறேன். எனக்குக் கால் இருக்கு."

குஷன் பிரிவிலிருந்து அம்மா ஓடி வந்தாள், விரலில் தையல் வளையம் கழற்றாமலே. வாங்கிக்கொள்ளடி, ஒரு கம்பிதானே, கை வைத்தால் என்ன குறைந்துவிடும் என்றாள். மகள் அம்மாவை ஓரமாக அழைத்துப் போய்ச் சத்தமில்லாமல்தான் சொன்னாள், ஆனாலும் ஷெட்டில் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா செத்த அன்னைக்கு, அவர மன்றத்துல கெடத்தியிருந்தப்ப, உன்கிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க. சத்தம் போடாம இருந்தா சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் வரலாம்னு. நீ இருந்த. வந்த. சைக்கிள் ஸ்டாண்டுதான் கிடைச்சுது. போம்மா, சீட்டு தச்சது போதும்னு நெனச்சா வீட்டுக்குப் போ. இதுல தலையிடாத."

அம்மா வீட்டுக்குப் போகவில்லை, திரும்பித் தைக்கப் போனாள். அன்று தைத்த சீட்டுகளில் ஒரு தையல்கூடப் பிசகவில்லை என்று சொல்வார்கள். செயற்குழு பூச்சில் ஒட்டாமல் ஒதுங்கி ஒதுங்கி வெளியே போனது.

அதன் பிறகு வருடங்கள் பஸ்களாகப் போயின. வெளிநாட்டிலிருந்து கருவிகளோடு ஒருவர் வந்து மூன்று வாரம் தங்கி, கிடாரைச் சுற்றி அளந்தார். மரம் சாதாரண மரம், கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தம் சாதாரணக் காந்தம் என்று எழுதிக்கொண்டு போனார். ஐந்தாவது வருடம் அந்த மூன்றாவது கம்பி துருப்பிடித்து அறுந்தது. அறுந்த முனை சுருண்டு கிடந்தது, சத்தம் நடந்துகொண்டிருந்தது. புதுக் கம்பி மாட்ட அவள் மறுத்துவிட்டாள், காலி இடத்திலிருந்து நன்றாகத்தான் வருகிறது என்றாள். எட்டாவது வருடத்திலிருந்து அந்தப் பட்டறையில் கட்டின பஸ்கள் எல்லாம் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அதே சுரத்தில் முனகின. வாங்கினவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, டிரைவர்கள் வேகம் காட்டும் முள் கெட்டுப்போனாலும் கவலைப்படாமல் ஓட்டினார்கள். பதினோராவது வருடம் ரிவெட் காலமானார். போட்டி முடியாததால் ஒவ்வொரு கூட்டத்திலும் அது நிகழ்ச்சி நிரலில் முதல் விஷயமாக இருந்தது, ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பதினான்காவது வருடம் ஒரிஜினலுக்கு ஓய்வு. கப்பலின் எஞ்சின் அறையும் கடைசிக் காலத்தில் ரிவெட் பிரிவும் சேர்ந்து அவன் காதைத் தின்றிருந்தன. அவன் அதை வெளியே சொல்லவில்லை. வீட்டில் டிவி அலறுவதையும், கேட்ட கேள்விக்கெல்லாம் "சரி சரி" என்று பதில் வருவதையும் வைத்து அவன் மனைவி கண்டுபிடித்தாள். நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள். மேடையில் அவனுக்குக் கேட்டது ஒரே ஒரு சத்தம்தான், அதை வைத்துத்தான், தன் கம்பி அதோடு சேர்வதை மார்பில் ஏறும் அதிர்வில் பிடித்து, இரண்டு வருடமாகச் சுருதி சேர்த்து, விரல் பழக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தான். அது எந்தச் சத்தம் என்று எழுதத் தேவையில்லை.

ஓய்வு விழா ஒரு சனிக்கிழமை மாலை. ஆயிரத்து இருநூறு பேர் வந்திருந்தார்கள். மாலை போட வந்த யாருடைய முழங்கையோ அமெரிக்கக் கிடாரின் தலையில் இடித்து இரண்டாவது கம்பியின் முறுக்காணியைத் திருப்பிவிட்டது. அவன் கவனிக்கவில்லை. அப்பாவுக்குப் பிடித்த பாட்டை எடுத்தான். இரண்டாவது வரியிலேயே கோணல் தெரிந்தது. மூன்றாவதில் குஷன் பிரிவு முழுக்கத் தலையைக் குனிந்தது. டிங்கர்கள் மட்டும் முகம் மலர்ந்து ரசித்தார்கள், அவர்களுக்கு எப்போதும் கேட்கும் சத்தம்தான் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

அவள் கதவுப் பக்கத்திலிருந்து நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பாதி வழியில் குமாஸ்தா எழுந்து, "ஏம்மா, விதி இருக்குதும்மா" என்றார். "எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். அண்ணன் பலகை அதிர்ந்ததில் கண்ணைத் திறந்தான்.

"எறங்கு. உனக்கு இங்க அனுமதி இல்ல."

மைக்கில் அவன் சொன்னது தண்ணீர்த் தொட்டி வரை கேட்டது. அவளும் மைக்குக்கு வந்து, அவன் பார்க்கும்படி வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்:

"அண்ணே, உன் ரெண்டாவது கம்பி எறங்கிக் கெடக்கு."

"எனக்குத் தெரியும்."

"தெரியாது. உனக்குக் காது போயி ரெண்டு வருஷமாச்சு. அண்ணி சொல்லிட்டாங்க."

முன்வரிசையில் அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடி, பாதியில் நின்றது. அவன் கிடாரை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனான். பின்னால் ஜப்பான் கிடார் நின்றது, அதற்குமேல் போக இடமில்லை. அவள் கையை நீட்டினாள். சோப்புப் போடாத கை, விரல் நகத்தில் நீலப் பெயிண்ட். அவன் அந்த நகத்தைப் பார்த்தான். பிறகு கிடாரை விடாமலே கழுத்தை மட்டும் அவள் பக்கம் சாய்த்தான். அவள் முறுக்காணியைப் பிடித்து, மீட்டி, மூலையில் ஒலித்ததோடு ஒட்டும்வரை திருப்பினாள். மூன்று திருப்பு. நீலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, அவன் துடைக்கவில்லை.

"மொறையா எனக்குத்தான் அந்த எடம்" என்றான் மெதுவாக.

"இருந்துக்கோ. நான் எழுந்திருன்னா சொன்னேன்? நான் நின்னு வாசிக்கறேன். என் கையப் பாத்துக்கோ, எங்க மாறுதுன்னு தெரியும்."

அவள் ஸ்டாண்டிலிருந்து தன் கிடாரை எடுத்துத் தோளில் மாட்டினாள். உள்ளங்கை கம்பிகளில் படாமல் எடுத்தாள். மிச்சமிருந்த ஐந்து கம்பிகளில் பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள். இல்லாத கம்பி தன் பாட்டுக்கு இருந்தது. அவன் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். இரண்டாவது வரியில் இருவர் கையும் ஒரே இடத்துக்கு ஒரே சமயத்தில் போனது. எது எந்தக் கிடாரின் சத்தம் என்று பிரித்துச் சொல்லக் குஷன் பிரிவுக் காதுகளாலும் முடியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மன்றத்துப் பதிவேட்டில் அன்றைக்கு, செயலாளர் ஓய்வு பெற்றார், விதிமீறல் ஒன்று நடந்தது, நடவடிக்கை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது. பதிவேட்டின்படி அவள் இன்றுவரை மேடை ஏறவில்லை. சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு அவள் ஏறுகிறாள். சென்ற வாரம் மன்றத்துக்கு எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதி, பீரோவை வண்டியிலிருந்து இறக்கும்போது அது என்ன சத்தம் என்று கேட்டார்கள். ஒரு பெயிண்டரம்மா மீட்டினது, இன்னும் முடியவில்லை என்று சுமைக்காரர் சொன்னார். அப்படியா என்றுவிட்டு, பீரோவின் கால் வாசலில் இடிக்காமல் இருக்கக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்க்கச் சொன்னார்கள்.